ஏழு மரையும் ஒரு சாவியும்

கதிர்காமநாதனின் காணியில் ஏழு மரைகள் இருந்தன. ஏழு என்று அவர் சொன்னால் ஏழுதான். ஊகத்தில் சொல்பவர் அல்லர் அவர். இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் பதினான்கு ஆண்டுகள் வன்னிக் காட்டைச் சங்கிலி பிடித்து அளந்தவர். அளக்காத ஒன்றை அவர் வாய் சொல்லாது.

மெல்பேணுக்குக் கிழக்கே, நூஜியையும் தாண்டி, செம்மண் பாதை ஒன்று மலைச்சரிவில் ஏறி முடியும் இடத்தில் அந்தத் தொண்ணூறு ஏக்கர் கிடந்தது. வானத்தை முட்டும் வெள்ளை மரங்கள். அவற்றின் காலடியில் குடை விரித்த மரப்பன்னங்கள். இடைவெளியெல்லாம் முட்பழப் பற்றை. உழுதற்கும் உதவாத, மந்தை மேய்த்தற்கும் உதவாத அந்தச் சரிவை எழுபத்தைந்தாம் ஆண்டில் அவர் வாங்கியபோது டண்டினோங் தமிழர் நாலைந்து குடும்பமும் சிரித்தன. அவர் வாங்கியது நிலத்தை அன்று. முதல்நாள் போனபோது ஓடைக்கரைச் சேற்றில் பதிந்திருந்த ஒரு குளம்படி அவரைக் கட்டிப்போட்டது. வெள்ளைக்காரர் சாம்பர் என்கிற அந்தப் பெரிய மான், அவர் முல்லைத்தீவுக் காட்டில் கண்டு பழகிய அதே மரை. நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ துரைமார் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல் அது. தமக்கு முன்னே குடியேறிய இனம் என்று அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை.

கறுத்த அட்டைக் குறிப்பேடு ஒன்றில் ஏழுக்கும் பெயர் எழுதி வைத்திருந்தார். பழந்தமிழில் ஊறிய மனம் ஆதலால் பெயர்களும் அவ்வாறே அமைந்தன. ஆறு முனைக் கொம்புடைய ஆண்மரை, அந்தப் பெருங்கலைக்குத் தலைவன் என்று பெயர். அதன் இடக்கொம்பின் நடுமுனை சற்றே முறிந்திருக்கும். கிளையில்லாக் கொம்புடைய இளங்கலை ஈட்டிக்கொம்பன். காது கிழிந்த பெண்மரை கிழிகாதி. முன்வலக் குளம்பு சிதைந்தது சிதைகுளம்பி. எப்போதும் சேர்ந்தே திரிகிற இரண்டு பிணைகள் தோழியர். ஏழாவது, கிழிகாதியின் மறிக்குட்டி. எது எங்கே படுக்கும், எது எந்த மரத்தில் கொம்பு தேய்க்கும், எது எந்தச் சேற்றுக்குழியில் புரளும் என்பதெல்லாம் தேதியிட்டு அந்த ஏட்டில் இருந்தன. ஆண்டுக்கு ஒன்று சுடுவார். வெள்ளிக்கிழமை துவக்கைத் தொடமாட்டார். சுட்டதை எல்லா வீட்டுக்கும் பகிர்வார். அதுதான் அவர் வைத்துக்கொண்ட நெறி.

எழுபத்தெட்டு வைகாசியில் அந்த ஏடு வெறுமையாகத் தொடங்கியது.

முதலில் தோழியரின் தடம் இல்லை. அடுத்த சனிக்கிழமை கிழிகாதியும் மறியும் இல்லை. அதற்கடுத்த வாரம், பத்து நாள் முன்புவரை தலைவன் புரண்டெழுந்த வடக்குச் சேற்றுக்குழியில் மழைநீர் தெளிந்து நின்றது; அடியில் கிடந்த இலைகள் எண்ணக் கூடியனவாய்த் தெரிந்தன. கலங்காத அந்த நீரைக் கண்டு கலங்கினார் கதிர்காமநாதன்.

அவர் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தம்பி மகேந்திரராஜா மாத்தளையில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பொறுப்பாளனாய் இருந்தவன். போன ஆவணிக் கலவரத்தில் வீடு எரிந்தது. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாய் வவுனியாவில் ஒரு தெரிந்தவரின் நெல்லுக் கொட்டிலில் ஒதுங்கியிருந்தான். அவுஸ்திரேலியாவுக்கு அழைக்க வழி இருந்தது. ஆனால் விண்ணப்பத்தோடு, இவனுக்கு வேலை தருவோம் என்று ஒரு முதலாளி எழுதிய கடிதம் வேண்டும். ஆனி முப்பதுக்குள் வேண்டும். கதிர்காமநாதன் வரைபடம் கீறுகிற நீர்ப்பம்பித் தொழிற்சாலையின் மனேச்சர் டோபின் மனம்வைத்தால் அந்தக் கடிதம் ஒரு நாள் வேலை.

டோபின் ஒரு வேட்டைப் பித்தர். பத்தொன்பது குளிர்காலம் மலையேறியும் ஆறு முனைக் கலை ஒன்று தம் துவக்குக்கு முன் நின்றதில்லை என்று கன்ரீனில் ஒருநாள் சொல்லி வருந்தினார். அக்கணமே கதிர்காமநாதனின் மனத்தில் இரண்டும் பொருந்திவிட்டன. “என் காணியில் ஒன்று நிற்கிறது, சேர். கொம்பு முற்றட்டும், அழைக்கிறேன்” என்றார். ஆனிமாத நீள்விடுமுறை ஞாயிறு என்று நாளும் குறிக்கப்பட்டது. பெரியவர் ஒருவரிடம் காரியமாய்ப் போகிறவன் கையுறையோடு, கையில் ஒரு காணிக்கையோடு, போகவேண்டும் என்பது அவர் இரத்தத்தில் இருந்த பாடம். மாவட்டக் கச்சேரியில் அரசாங்க ஏசண்டரிடம் போனபோது அவர் தகப்பனார் மாம்பழக் கூடையோடு போனார். இவர் மரைக் கலையோடு போகவிருந்தார்.

இப்போது கையுறை காணாமற் போய்க்கொண்டிருந்தது.

தடம் வாசிக்கத் தெரிந்தவனுக்குச் சந்தேகம் வெகுதூரம் அலைவதில்லை. வாயிற்படலைக்கு உள்ளே, ஈரமண்ணில் கார்ச் சக்கரத் தடம் ஒன்று இருந்தது. நான்கில் ஒன்று மொட்டை டயர். அந்த மொட்டை டயரை அவர் அறிவார். அதை மாற்றச் சொல்லி இரண்டு மாதமாய்ச் சொல்லி வருபவரே அவர்தாம். மைத்துனன் அரியரத்தினத்தின் ஹோல்டன் அது. படலையின் மறுசாவி அவனிடம் இருந்தது. காணியில் கட்டிய சிறு குடிலுக்குப் பலகை அடித்த நாளில் அவரே கொடுத்தது. அரியரத்தினம் டண்டினோங் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிறவன். விடியற்காலை ஐந்துக்குத் தொடங்குகிற வேலை. புதன்கிழமைகளில் பத்துமணிக்கே முடிந்துவிடும். முழு மாட்டை நாற்பது நிமிடத்தில் பிரித்துப் போடுகிற கை. ஒரு மரை அந்தக் கைக்கு எம்மாத்திரம்?

வடக்குச் சரிவிலே வேறொன்றும் கண்டார். இடுப்பு உயரத்தில், கிளைகளில், முறுக்கிய துணித்திரிகள் தொங்கின. நுனி கருகி அணைந்தவை. முப்பது அடிக்கு ஒன்றாய், அளந்து கட்டினாற்போல் ஒரு வரிசை. புகைகாட்டி மந்தையை ஒரு பக்கம் விரட்டி, மறுபக்கத்தில் துவக்கோடு காத்திருக்கிற தந்திரம் என்று முடிவு கட்டினார். வெடித்த தோட்டாக் கூடு ஒன்றுகூட அகப்படவில்லை, இரத்தக்கறை இல்லை. அது அவருடைய ஐயத்தைக் குறைக்கவில்லை. கெட்டிக்காரன், பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்றே தோன்றியது.

மறுநாள் ஞாயிறு நண்பகல், டண்டினோங் வீட்டுக் குசினியில் அவர் மனைவி நாகேஸ்வரி பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். அரியரத்தினம் வழக்கம்போல் பின்கதவால் வந்து, காகிதத்தில் சுற்றிய மாட்டுவாலை மேசையில் வைத்தான்.

“அக்கா, இண்டைக்கு வால். நாளைக்குத் தலை. இப்பிடியே துண்டு துண்டாக் கொண்டு வந்தா வருசக் கடைசியில ஒரு முழு மாடு எழும்பி நிண்டு உன்னை அம்மா எண்டு கூப்பிடும்.”

“வாயைப் பொத்தடா. இண்டைக்குப் பிரதோசம். அதைக் கொண்டுபோய் வெளியில கராஜுக்க வை.”

“ஐயோ, பிரதோசமோ? மாட்டுக்குத் தெரியாமப் போச்சு.”

கதிர்காமநாதன் கூடத்துக் கதிரையிலிருந்து எழுந்து வந்து வாசல்நிலையில் நின்றார். அவர் முகத்தைக் கண்டதும் அரியரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

“புதன்கிழமை நீ காணிக்குப் போனனி” என்றார்.

அரியரத்தினம் மாட்டுவாலின் காகிதத்தை மடித்துச் சரிசெய்தான்.

“அதுக்கு முதல் புதனும் போனனி. மொட்டை ரயர் மண்ணில எழுதி வைச்சிருக்கு. துணி கொளுத்திக் கலைச்சிருக்கிறாய். தோழியர் ரெண்டும் இல்லை, கிழிகாதி இல்லை, குட்டி இல்லை. தலைவனும் போட்டுது. இறைச்சியை எங்க கொண்டுபோய்க் குடுத்தாய் எண்டு எனக்குத் தெரிய வேண்டாம்.”

“அத்தான், நீங்களே எல்லாம் சொல்லுறியள்.”

“கண்டதைச் சொல்லுறன்.”

“நல்லாத்தான் கண்டிருக்கிறியள்.” அரியரத்தினம் தமக்கையைப் பார்த்தான். அவள் மாவுக்குள் விட்ட கையை எடுக்கவில்லை, தலை நிமிரவுமில்லை. “அப்ப நான் ஒரு கள்ளன். குட்டியையும் விடாத கள்ளன்.”

“எனக்கு அந்தக் கலை எதுக்கு வேணும் எண்டு உனக்குத் தெரியும். மகேந்திரன்ர ரெண்டு பிள்ளையளும் கொட்டிலுக்க கிடக்குதுகள். தெரிஞ்சுகொண்டு செய்தனி பார், அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.”

அரியரத்தினம் காற்சட்டைப் பையிலிருந்து சாவிக்கோர்வையை எடுத்து, நகத்தால் வளையத்தை நெம்பி, படலைச் சாவியை மட்டும் கழற்றி, மாட்டுவாலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“அக்கா, வாலை அடுப்பில வைக்க முதல் நல்லாக் கழுவு. கள்ளன் தொட்டது.”

பின்கதவு சத்தமின்றிச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் கதிர்காமநாதனுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உம்மட தம்பி எண்டு பாத்தனான்” என்றார் மனைவியிடம். நாகேஸ்வரி பிட்டுப் பானைக்கு மூடி போட்டாள். “பாத்தனீங்கள்தான்” என்றாள். அதற்குமேல் அன்று முழுவதும் அவள் பேசவில்லை. தம்பிக்காக வருந்துகிறாள் என்று நினைத்தார். அந்த மௌனத்தில் வேறு தடம் ஏதும் உண்டோ என்று குனிந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

நீள்விடுமுறைச் சனிக்கிழமை இருவருமாய்க் காணிக்குப் போனார்கள். மறுநாள் விடிய டோபின் வருவார். குடிலைக் கூட்டி, அடுப்புக்கு விறகு பிளந்து வைக்கவேண்டும். மலையில் தூறலும் மூடுபனியும் மாறிமாறி வந்தன. நாகேஸ்வரி வள்ளியும் முருகனும் நிற்கிற சிறு படத்தைத் துடைத்து அதன் பலகையில் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்பில் உலை வைத்தாள். அவர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வடக்குச் சரிவில் ஏறினார்.

சரிவு வெறிச்சென்றிருந்தது. புழுக்கைகூடப் பழையது, மழையில் கரைந்து உதிர்ந்தது. முழங்கால் சேற்றில் பதியக் குனிந்து குனிந்து போனவர், உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு புதிய துணித்திரியைக் கண்டு நின்றார். கருகிய நுனியில் இன்னும் மணம் இருந்தது. மூன்று நாளுக்கு மேற்பட்டதன்று.

சாவி அவர் பையில் இருக்கிறது. இது எப்படி வந்தது?

திரியை அவிழ்த்தார். முறுக்கின் உட்புறம் நனையாதிருந்தது. நீலநிறத் துணி, அதில் வெள்ளையாய்ச் சிறு மாவிலை அச்சு. அதை அவர் விரலுக்கிடையில் வைத்து நெடுநேரம் நின்றார். ஊரில் முத்தவெளிக்கு எதிரே ஒரு கடையில், விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம், அவரே விலை பேசி வாங்கிய நூற்சேலை அது. திரியின் நடுவே, பாக்களவு ஒரு மயிர்ப்பந்து சுருட்டி வைத்திருந்தது. நீளமான கருமயிர், நடுநடுவே நரை, நல்லெண்ணெய் மணம். தலை சீவும்போது உதிர்வதைப் பந்தாய்ச் சுருட்டி மைலோ ரின்னில் சேர்த்துவைக்கிற பழக்கம் அந்த நகரில் எத்தனை பேருக்கு உண்டு? அவருடைய வீட்டில் ஒருத்திக்கு உண்டு.

நாலு குளம்படியில் எது எவளுடையது என்று அறிந்தவர், தம் வீட்டாளின் கைவேலையைக் கிட்ட நின்று பார்த்தும் அறியாமல் இருந்திருக்கிறார்.

குடிலுக்குள் வந்து, திரியையும் மயிர்ப்பந்தையும் மேசையில் வைத்தார். நாகேஸ்வரி ரின்மீன் குழம்புக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். பார்த்தாள். கையைத் துடைத்தாள்.

“இது உம்மட சீலை.”

“ஓம்.”

“இது உம்மட தலைமயிர்.”

“ஓம். வேற ஆரின்ர எண்டு நினைச்சனீங்கள்?”

“நாகேசு, பகிடியை விடும். என்ன செய்தனீர்?”

“மரை கலைச்சனான்.” மிளகாய் அரைத்தேன் என்பதுபோல் சொன்னாள். “அப்புவின்ர பயத்தங்காணிக்கு மரை வந்தா நாங்கள் இப்பிடித்தான் கட்டுறது. சீலைத்துணி மெல்லமாப் புகையும், நாள் முழுக்க நிண்டு எரியும். மயிர் கருகிற மணத்துக்கு அது கிட்ட வராது. நீங்கள் துவக்கோட காட்டுக்க போனனீங்கள். நாங்கள் பந்தம் பிடிச்சு வயல் காத்தனாங்கள். உங்களுக்கு இது எங்க தெரியப்போகுது?”

“ஏன்? அதைச் சொல்லும். ஏன்?”

அவள் படத்தைப் பார்த்தாள். “நேர்த்தி. மகேந்திரனும் பிள்ளையளும் வந்து இந்த மண்ணில கால் வைக்குமட்டும், இந்தக் காணியில ஒரு மானும் விழாது எண்டு அவரிட்டச் சொன்னனான். அவள் வள்ளி ஆர்? மான் வயித்தில பிறந்தவள். எரிஞ்ச வீட்டுப் பிள்ளையளுக்கு இடம் கேட்டு நிக்கேக்க, அவளின்ர இனத்தைக் கொல்லுறதோ?”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“நேர்த்தியை வைச்சவளும் கேட்டவரும் அறிஞ்சாப் போதும்.”

“அப்ப அரியத்துக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குக் கார் ஓடத் தெரிஞ்சா அவனிட்ட நான் ஏன் சொல்லுறன்? புதன்கிழமை வேலை முடிய நேர வந்து ஏத்திக்கொண்டு வருவான். திரி முறுக்கித் தருவான். ஒரு மணித்தியாலம் பகிடி விடுவான். போன புதன் சாவி இல்லை. கம்பிவேலிக்குள்ளால பூந்து வந்தனாங்கள். அவன்ர சேட்டுக் கிழிஞ்சு போச்சு.”

“நான் அவனைக் கள்ளன் எண்டு சொல்லேக்க நீர் வாய் திறக்கேல்லை.”

நாகேஸ்வரியின் குரல் முதல்முறையாய் உடைந்தது. “திறக்கேல்லைதான். அவன் என்னைப் பாத்தவன். நான் மாவைப் பாத்தனான். அண்டையிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை. நேர்த்தி பெரிசோ தம்பி பெரிசோ எண்டு பிசைஞ்சு பிசைஞ்சு அந்த மா புளிச்சுப் போச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “அது போகட்டும். கடிதம் என்னவாம்? அந்த மனுசன் இன்னும் எழுதித் தரேல்லையோ? நாலு மாசமா இழுக்கிறான். அவன்ர கையில முள்ளுக் குத்த.”

கதிர்காமநாதன் கூரையைப் பார்த்தார். தகரத்தில் தூறல் விழுகிற ஓசை கேட்டது.

“இன்னும் கேக்கேல்லை.”

“என்ன?”

“டோபினிட்ட நான் இன்னும் கேக்கேல்லை.”

அவள் கதிரையை இழுத்து இருந்தாள்.

“கேக்கேல்லையோ? மாசியில அந்த மனுசனோட கதைச்சன் எண்டு சொன்னனீங்கள்.”

“வேட்டைக்கு வரச்சொல்லிக் கதைச்சனான். வெறுங்கையோட போய்க் கேக்கிறதோ? முதல்ல கலை விழட்டும், மனுசன் குளிரட்டும், பிறகு மெல்லக் கேப்பம் எண்டு… மாசியில கொம்பு தோல் மூடியெல்லோ கிடந்தது. அதைச் சுட்டு என்ன பிரயோசனம்? முத்த வேணுமெல்லோ.”

“அங்க ரெண்டு பிள்ளையள் கொட்டிலுக்க எலியோட படுக்குதுகள். இங்க நீங்கள் மரைக்குக் கொம்பு முத்துமட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள்.”

“நீர் அதைக் கலைச்சுக்கொண்டு இருந்தனீர்.”

“நான் ஆரையும் கேக்காமல் விடேல்லை. கேக்க வேண்டியவரைக் கேட்டனான்.”

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரில் ஒருவரும் அதை இறக்கவில்லை. பின்பு அவர், அளவைக்காரனின் பழைய பழக்கம் போலும், தாழ்ந்த குரலில் கேட்டார்: “எந்தப் பக்கம் விட்டு வைச்சனீர்?”

“என்ன விட்டு வைச்சது?”

“நாலு பக்கமும் கட்டியிருந்தா காணியை விட்டே போயிருக்குங்கள். வடக்கு, கிழக்குத்தான் திரி இருக்கு.”

நாகேஸ்வரி விளக்கைத் திருத்துவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வெளியில போனா மற்றவன் சுடுவானெல்லோ. குடிலுக்குப் பின்னால பள்ளம். அதுக்குள்ள ஒருத்தரும் வேட்டைக்கு இறங்கமாட்டினம்.”

ஞாயிறு காலை ஏழுமணிக்கு டோபின் வந்தார். ஆறடி உடம்பு, மழைக்கோட்டு, பத்தொன்பது குளிர்காலம் பழகிய துவக்கு. நாகேஸ்வரி கொடுத்த இஞ்சித் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நேதன், இன்று என் நாள்” என்றார். கதிர்காமநாதன் என்ற பெயர் அந்தத் தொழிற்சாலையில் நேதன் ஆகி ஆறு ஆண்டு ஆயிற்று.

இரண்டரை மணிநேரம் வடக்குச் சரிவிலும் கிழக்கு முடியிலும் அவரை நடத்தினார் கதிர்காமநாதன். ஒன்றும் இல்லை என்று தெரிந்தே நடத்தினார். பின்னால் வருகிறவரின் மூச்சு கனத்தது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும்போது டோபினின் நீலக் கண்ணில் ஐயம் சிறிது கூடியிருந்தது.

“நேதன், உண்மையிலேயே இங்கே ஒன்று இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“ஆறு முனை?”

“ஆறு முனை.”

“உன் ஊரில் மீனுக்கும் இப்படித்தான் நீளம் சொல்வார்களா?”

திரும்பும் வழி ஒன்றே. குடிலின் பின்பள்ளத்து விளிம்பு. அவர் வேண்டுமென்று அந்த வழி வந்தாரா, கால்கள் கொண்டுவந்தனவா என்று பின்னாளில் தம்மையே கேட்டபோதும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. மூடுபனி பள்ளத்திலிருந்து ஏடுஏடாய்க் கிளம்பிக்கொண்டிருந்தது. மரப்பன்னத்தின் கீழே ஒரு நிறம் அசைந்தது.

கிழிகாதி. அவள் வயிற்றோடு மறி. அப்பால் தோழியர், ஒருத்தி முதுகில் ஒருத்தி முகம் வைத்து. ஈட்டிக்கொம்பன் சிதைகுளம்பியின் பின்னே நின்று இலை கடித்துக்கொண்டிருந்தான். எண்ணாமலே எண்ணிக்கை முடிந்தது. ஆறு. ஏழாவது எங்கே என்று கண் தேட, நாற்பது அடியில், பனியையே உடம்பாக்கி நின்றதுபோல் தலைவன் நின்றான். பிடரி சிலிர்த்து, கொம்பு முற்றிக் கறுத்து, முறிந்த நடுமுனை வெள்ளையாய்த் தெரிய, மூக்கை உயர்த்திக் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். இறைவன் ஒரு கையில் ஏந்திய மான் அவர் நினைவில் வந்தது. மறு கை மழுவை ஏந்தியிருக்கிறது.

டோபின் இன்னும் காணவில்லை. துவக்கு தோளில் தொங்கிற்று. அவர் முழங்கையை ஒரு விரலால் தொட்டால் போதும்.

கதிர்காமநாதன் தொடவில்லை. வாயைத் திறந்தார்.

“மிஸ்டர் டோபின்,” என்றார், பள்ளம் முழுதும் கேட்கும் குரலில், “எனக்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும்.”

கிழிகாதி ஒருமுறை கூவினாள், கொம்பு ஊதினாற்போல். பன்னக்காடு முழுவதும் ஒரே முறிவாய் முறிந்தது. ஏழும் பள்ளத்தின் மறுகரையேறி மறைந்தன. கடைசியில் ஏறிய ஆறு முனையை டோபின் கண்டார். துவக்கைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் அங்கே அசைகிற இலைகளே எஞ்சின.

டோபின் மெதுவாய்த் திரும்பினார். அவர் சொன்ன முதல் நான்கு சொற்களும் எழுத்தில் வரத் தகாதவை. “நீ கண்டுவிட்டுத்தான் பேசினாய்” என்றார் பிறகு.

“ஆம்.”

“அப்படி என்ன உதவி?”

கதிர்காமநாதன் சொன்னார். தம்பி, எரிந்த வீடு, கொட்டில், இரண்டு பெண் குழந்தைகள், ஆனி முப்பது. நாலு மாதமாய் மனத்தில் அடுக்கிவைத்திருந்த பணிவான சொற்களில் ஒன்றும் வரவில்லை. சேறு படிந்த வெறுங்கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டு, கணக்குக் கேட்டவனுக்கு ஒப்புவிக்கிற பிள்ளைபோல் சொன்னார்.

டோபின் கேட்டு முடித்து, துவக்கிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டார். “பம்பு தெரியுமா அவனுக்கு?”

“என்னைவிட நன்றாய்த் தெரியும். நான் கீறுவேன், அவன் ஓட்டுவான்.”

“பங்குனியிலிருந்து, பம்பு பொருத்த இரண்டு பிற்றர் வேண்டும் என்று நான் பத்திரிகையில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கதவுக்கும் உன் மேசைக்கும் இடையே பன்னிரண்டு அடி இருக்குமா, நேதன்?”

“பதினாறு.”

“இதைக் கேட்க என்னை இந்த மலைக்கா கொண்டுவரவேண்டும்?” முகத்து மழைநீரை வழித்தெறிந்தார். கோபம் முழுவதும் போகவில்லை; ஆனால் அதன் அடியில் வேறொன்று எட்டிப் பார்த்தது. “கடிதத்தை நீயே தட்டச்சில் அடித்துக்கொண்டு வா. உங்கள் பெயர்களை என் ஆளால் எழுத முடியாது. செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். அங்கே எத்தனை நின்றன?”

“ஏழு.”

“அவற்றையும் கடிதத்தில் சேர்த்துவிடாதே.”

குடில் வாசலில் நாகேஸ்வரி நின்றாள். வெடிச்சத்தம் கேளாத காலையை அவள் முகத்தில் கண்டார். டோபினின் கார் போனபின், “செவ்வாய்க்கிழமை கையெழுத்து” என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படத்துக்கு முன் கொஞ்சநேரம் நின்றாள். பின்பு பாத்திரங்களைக் கழுவி அடுக்கத் தொடங்கினாள்.

“கெதியா வெளிக்கிடும். டண்டினோங்கில ஒரு வேலை இருக்கு” என்றார் அவர்.

அரியரத்தினம் இருந்தது புகையிரதப் பாதைக்கருகே ஒரு பின்வீடு. கதவைத் திறந்தவன் கையில் ஊசியும் நூலும் இருந்தன. கதிரையில் தோள்மூட்டுக் கிழிந்த சட்டை கிடந்தது. அத்தானையும் பின்னால் காருக்குள் இருந்த அக்காவையும் மாறிமாறிப் பார்த்தான்.

“என்ன அத்தான், மரை இறைச்சியோ? அயலட்டைக்கெல்லாம் பங்கு குடுத்து முடிஞ்சுதோ?”

கதிர்காமநாதன் சாவியை நீட்டினார். “இந்தா.”

“எனக்கெதுக்கு? நாங்கள் கம்பிக்குள்ளால பூந்து பழகிட்டம்.”

“அரியம், நான் பிழை விட்டிட்டன். காணியில கண்டதை வைச்சு…”

“நீங்கள் கண்டதில பிழையில்லை அத்தான். மொட்டை ரயர் என்ரதான். துணி முறுக்கினதும் நான்தான்.” ஊசியைச் சட்டைக்குள் குத்தி வைத்தான். அவன் குரலில் பகிடி இல்லாமல் இருந்தது. அப்படியொரு குரல் அவனுக்கு உண்டு என்று கதிர்காமநாதன் அன்றுதான் அறிந்தார். “நீங்கள் என்னட்டக் கேக்கேல்லை. எனக்குச் சொன்னனீங்கள். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருப்பன்தான், அக்காவுக்காக. எண்டாலும் கேட்டிருக்கலாம்.”

புகையிரதம் ஒன்று வீட்டை அதிரவைத்துப் போயிற்று. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அன்று காலை பள்ளத்து விளிம்பில் நின்றதைவிட இந்தப் படியில் நிற்பது அவருக்குக் கடினமாய் இருந்தது.

“அரியம், புதன்கிழமையில நீ காணிக்கு ஏன் போனனி?”

அரியரத்தினம் அவர் முகத்தைப் பார்த்தான். விடை தெரிந்துகொண்டே கேட்கிறார் என்பதும், கேட்டுத்தான் தீரவேண்டும் என்று கேட்கிறார் என்பதும் அவனுக்கு விளங்கின.

“அக்காவைக் கூட்டிக்கொண்டு போனனான் அத்தான்” என்றான். சாவியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். “அவளை ஏன் காருக்க குளிர விட்டிருக்கிறியள்? கூப்பிடுங்கோ. இந்தச் சேட்டுக் கையைத் தைச்சுத் தரட்டும். எனக்கு எலும்பு நீக்கத்தான் தெரியும்.”